ரிச்சி ஸ்ட்ரீட் மாடிக்கடை: ‘எதுக்கு?’ன்னு கேக்காம ஒரு ரெசிஸ்டர் கூட தராத பாய்

மொதல்லயே சொல்லிடறேன், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல எலக்ட்ரானிக் பார்ட்ஸ் விக்கற இந்தக் கடைக்கு போர்டு கிடையாது. முன்னாடி இருந்துச்சாம், 2016 வர்தா புயல்ல பறந்து போனது, அதுக்கப்புறம் மாட்டவே இல்ல. கேட்டா "தெரிஞ்சவங்க வரப்போறாங்க, தெரியாதவங்க கீழ இருக்கற கடைக்குப் போகப்போறாங்க, போர்டு எதுக்கு"ன்னு பாய் சொல்றாரு. எங்க லேப்ல எல்லாரும் மாடிக்கடைன்னுதான் சொல்லுவோம். அரசினர் தோட்டம் மெட்ரோல இறங்கினா நடக்கற தூரம்தான், நரசிங்கபுரம் தெரு பக்கம் ஒரு பழைய லேப்டாப் கடைக்கும் சிசிடிவி கேமரா கடைக்கும் நடுவுல ஒரு படி இருக்கு, ஒரு ஆள் ஏறினா எதிர்ல இன்னொரு ஆள் இறங்க முடியாது. ஏறினா எட்டுக்குப் பத்து ரூம், சுவர் முழுக்க குட்டி குட்டி டிராயர், ஒவ்வொண்ணு மேலயும் ஸ்கெட்ச் பேனால எழுதின நம்பர், பாதி அழிஞ்சிருக்கும், ஆனா பாய்க்கு எல்லாம் மனப்பாடம்.

நான் யாருன்னு சொன்னாதான் இந்த ரிவ்யூ புரியும். நான் ஃபிசிக்ஸ் ஆளு. ஊர்ல ஒரு எய்டட் காலேஜ்ல பி.எஸ்சி., எம்.எஸ்சி. இங்க கிண்டி பக்கம், இப்போ பிஎச்டி நாலாவது வருஷம், ரொம்ப மெல்லிய உலோகப் படலத்தை குளிர வெச்சு அதோட ரெசிஸ்டன்ஸ் (கரண்டைத் தடுக்கற அளவு, ஓம்ல சொல்லுவோம்) எப்படி மாறுதுன்னு பாக்கறது என் வேலை. பி.எஸ்சி. லேப்ல நான் பாத்த ரெசிஸ்டர் எதுன்னா அந்த மரப்பெட்டிதான், பித்தளை சாவியைப் புடுங்கினா 100 ஓம், திரும்ப சொருகினா சைபர். மீட்டர் பிரிட்ஜ், பொட்டென்ஷியோமீட்டர், ஸ்பெக்ட்ரோமீட்டர், அப்புறம் ரெக்கார்டு நோட்டுல அழகா படம் போட்டு கையெழுத்து வாங்கணும், அவ்ளோதான். யூனிவர்சிட்டி ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கிட்டு, கடைக்குப் போய் ஒரு ரெசிஸ்டர் வாங்கத் தெரியாம பிஎச்டி சேர்ந்த ஆளு நான்.

மொத தடவ போனப்போ "பாய், ஒரு 100 ஓம் ரெசிஸ்டர்"னேன். அவர் நிமிர்ந்து கூட பாக்கல.

"கால் வாட்டா, அரை வாட்டா?"

முழிச்சேன்.

"கார்பனா, மெட்டல் ஃபிலிமா? அஞ்சு பர்சன்ட்டா, ஒரு பர்சன்ட்டா?"

"100 ஓம்தான் பாய் வேணும்."

அப்போதான் கண்ணாடியைத் தூக்கி நெத்தில வெச்சுட்டு என்னைப் பாத்தாரு. "எதுக்கும்மா?"

சொன்னேன். சாம்பிளுக்கு சீரீஸ்ல ஒரு ரெசிஸ்டர் போட்டு அதுக்குக் குறுக்க வோல்டேஜ் அளந்தா கரண்ட் எவ்ளோ போகுதுன்னு தெரியும், அதுக்குன்னேன். உடனே ஒரு டிராயரை இழுத்து நீல கலர் ரெசிஸ்டர் ஒண்ணும், இன்னொரு டிராயர்ல இருந்து மஞ்சளா சந்தன கலர்ல இன்னொண்ணும் எடுத்து என் உள்ளங்கையில பக்கத்துல பக்கத்துல வெச்சாரு. சந்தன கலர் கார்பன், நாலு பட்டை, பிரவுன் கருப்பு பிரவுன் கோல்டு. நீலம் மெட்டல் ஃபிலிம், அஞ்சு பட்டை, பிரவுன் கருப்பு கருப்பு கருப்பு பிரவுன். "ரெண்டும் 100தான். ஆனா உன் ரூம்ல ஏசி போட்டு நிறுத்தினா கார்பன் நகரும், நீலம் அவ்ளோ நகராது. நீ அளக்கறதே ரெசிஸ்டன்ஸ், அளக்கற கோலே நகர்ந்தா எப்படி?"

அன்னைக்கு ராத்திரி உக்காந்து கணக்கு போட்டுப் பாத்தேன். கார்பன் ஃபிலிம் ஒரு டிகிரிக்கு பத்து லட்சத்துல சில நூறு பங்கு மாறும், நல்ல மெட்டல் ஃபிலிம்னா 50ல இருந்து 100 பங்கு. பத்து டிகிரி மாறினா 100 ஓம்ல கார்பன் அரை ஓம் கிட்ட கூட போயிடும், மெட்டல் ஃபிலிம் அதிகபட்சம் 0.1 ஓம். என் சாம்பிள்ல நான் தேடிட்டிருந்த மாற்றமே அந்த அளவுதான்! இதை எனக்கு அஞ்சு வருஷம் ஃபிசிக்ஸ் சொல்லித் தரல, பத்து பீஸ் இருபது ரூபாய்க்கு பாய் சொல்லித் தந்தாரு.

இவர்கிட்ட எனக்குப் புடிச்சதே அந்த "எதுக்கு?"தான். கீழ இருக்கற கடைகள்ல கேட்டதை எடுத்து குடுத்துட்டு அடுத்த ஆளைப் பாப்பாங்க, தப்பில்ல, அவங்களுக்கு கூட்டம் அப்படி. இவர் எதுக்குன்னு கேட்டுட்டுதான் டிராயர்ல கை வைப்பாரு. பதில் சொல்ல ஆரம்பிச்சதுமே நாம என்ன படிச்சவங்கன்னு கண்டுபுடிச்சிடறாரு, அதுல ஒரு பெருமை வேற அவருக்கு.

அவர் கணக்கு இதுதான். பார்ட் நம்பர், பேக்கேஜ் எல்லாம் பிரிண்ட் எடுத்துட்டு, ஃபோன்ல டேட்டாஷீட்டும் (பார்ட்டோட விவரக் குறிப்பு) திறந்து வெச்சுட்டு வந்தா ஈசிஈ, அதாவது எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங். வந்து நின்னு "சிக்னல்ல நாய்ஸ் (இரைச்சல்) கம்மியா இருக்கணும்"னு மொட்டையா சொன்னா ஃபிசிக்ஸ். பிஎன்சி கேபிள், டெஃப்லான் ஒயர், காப்டன் டேப் மூணும் ஒரே லிஸ்ட்ல இருந்தா கண்ணை மூடிட்டு ஃபிசிக்ஸ். ஃபெரிக் குளோரைடும் காப்பர் போர்டும் வாங்கிட்டு சில்வர் பேஸ்ட் எங்க கிடைக்கும்னு கேட்டா டிவைஸ் பண்றவங்க, அதுல பாதி பேர் எம்.எஸ்சி. ஃபிசிக்ஸ், பாதி பேர் எம்.டெக்., "அவங்க ரெண்டுங்கெட்டான், ஆனா அவங்கதான் கேட்டது கரெக்டா இருக்கும்"பாரு. தரமணில இருக்கற மேட்சயின்ஸ்ல (கணித அறிவியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருந்து யாராவது வருவாங்களான்னு கேட்டேன். 1962ல ஆரம்பிச்ச இடம், தியரி பண்றவங்க, அவங்களுக்கு இங்க என்ன வேலை? "ஒரே ஒரு தடவ ஒரு தம்பி வந்தாரு, லேப்டாப் சார்ஜர் கேட்டு. கீழ அனுப்பிட்டேன்."

என் ரூம்மேட் ஈசிஈ. பி.ஈ. முடிச்சு ஒரு ஐடி கம்பெனில ரெண்டு வருஷம் டெஸ்டிங் பண்ணி வெறுத்துப் போய், கேட் எக்ஸாம் எழுதி, இப்போ அனலாக் சிப் டிசைன்ல ரிசர்ச். அவளையும் ஒரு நாள் கூட்டிட்டுப் போனேன். பத்து நிமிஷம் அவளைக் கேள்வி கேட்டுட்டு பாய் என் பக்கம் திரும்பி "இந்தப் பொண்ணு கோடிக்கணக்குல டிரான்சிஸ்டர் வரையுது, ஒரு டிரான்சிஸ்டரைக் கையில குடுத்தா எந்தக் கால் எமிட்டர்னு டேட்டாஷீட் தேடுது"ன்னாரு. (டிரான்சிஸ்டர்னா கரண்டை ஆன் ஆஃப் பண்ற மூணு கால் பார்ட், எமிட்டர் அதுல ஒரு கால்.) அவளுக்கு மூஞ்சி சுருங்கிடுச்சு. ஆனா உண்மைதான், சிப் டிசைன் பண்றவங்க வேலை முழுக்க ஸ்கிரீன்ல, டேப் அவுட், அதாவது முடிச்ச டிசைனை ஃபேக்டரிக்கு அனுப்பிட்டு மாசக்கணக்குல காத்திருந்து திரும்பி வர்ற சிப்பைத்தான் கையில தொடுவாங்க. அவ திருப்பிக் குடுத்தா பாருங்க, "பாய், காலைப் பாத்து எமிட்டர் சொல்றதுல என்ன பெருமை, ஒரே நம்பர் டிரான்சிஸ்டர் கம்பெனிக்குக் கம்பெனி கால் மாத்தி வருது, அதனாலதான் டேட்டாஷீட் பாக்கறேன்"னு. பாய் ஒண்ணும் சொல்லல, டீ சொன்னாரு. அவர் தோத்தா டீ சொல்லுவாரு, இது தெரிஞ்சுக்கோங்க.

அந்த டீ குடிக்கும்போது நானும் அவளும் போட்ட சண்டை இன்னும் லேப்ல ஓடிட்டிருக்கு. நான் "ரூம் டெம்பரேச்சர்ல கேடி 25 மில்லி எலக்ட்ரான் வோல்ட்"னு ஏதோ பேச்சுல சொன்னேன் (கேடின்னா kT, ஒரு டெம்பரேச்சர்ல இருக்கற வெப்ப எனர்ஜியோட அளவு). அவ "26 மில்லிவோல்ட்டுதானே, தெர்மல் வோல்டேஜ்"னா. நான் அது எனர்ஜிங்கறேன், அவ அது வோல்டேஜ்ங்கறா, ரெண்டு பேரும் சொல்றது ஒரே விஷயம், 300 கெல்வின்ல 25.85, எலக்ட்ரான் சார்ஜால வகுத்தா வோல்ட் ஆயிடும். நாங்க அதை ஸ்டாட் மெக் (ஸ்டாட்டிஸ்டிகல் மெக்கானிக்ஸ்) பாடத்துல போல்ட்ஸ்மேன் ஃபேக்டர்னு படிச்சோம், அவங்க அதையே டயோடு ஈக்வேஷன்ல இருந்து படிச்சிருக்காங்க. டிரான்சிஸ்டரை ஆஃப் பண்ணும்போது அதோட கேட்டுக்கு (ஆன் ஆஃப் பண்ற கால்) குடுக்கற வோல்டேஜை சுமார் 60 மில்லிவோல்ட் குறைச்சாதான் கரண்ட் பத்துல ஒரு பங்கா இறங்கும், சாதாரண மாஸ்ஃபெட்ல (சிப்புக்குள்ள இருக்கற டிரான்சிஸ்டர் வகை) ரூம் டெம்பரேச்சர்ல அதுக்கு மேல நல்லா பண்ண முடியாதுன்னு அவ மனப்பாடமா சொன்னா. அந்த 60 எங்கேருந்து வருதுன்னு கேட்டேன், ஃபார்முலா சொன்னா. கேடியை சார்ஜால வகுத்து 10ஓட நேச்சுரல் லாக்கால பெருக்கு, அதான் 60, அப்போ லிக்விட் நைட்ரஜன்ல 77 கெல்வினுக்குப் போனா அது 15 ஆகணும்னேன். டீயைக் கீழ வெச்சுட்டா. அடுத்த மாசம் அவளோட சிப் ஒண்ணு என் கிரையோஸ்டாட்டுக்குள்ள (சாம்பிளைக் குளிர வைக்கற பாத்திரம்) போச்சு, இப்போ க்வாண்டம் கம்ப்யூட்டர் பக்கத்துலயே வைக்க குளிர்ல ஓடற சிமாஸ் (மாஸ்ஃபெட்டுகளால ஆன) சர்க்யூட் வேணும்னு உலகம் பூரா இதைத்தான் பண்றாங்களாம். சிப் டிசைன் மாடலெல்லாம் அங்க பொய் சொல்லுது, திரெஷோல்ட் (ஆன் ஆக வேண்டிய வோல்டேஜ்) ஏறிடுது, டோப்பன்ட் (கரண்ட் ஓட சிலிக்கான்ல கலக்கற அணு) உறைஞ்சு போகுது. இதெல்லாம் பாய் கடைப் படிக்கட்டுல ஆரம்பிச்சதுன்னு தீசிஸ்ல நன்றி போடணும்னு நெனச்சிருக்கேன்.

இன்னொரு நாள் கடைல ஒரு ரிட்டயர்டு சார் இருந்தாரு, எங்கேயோ இன்ஜினியரா இருந்தவர் போல. நான் ஃபிசிக்ஸ்னு தெரிஞ்சதும் "ஃபிசிக்ஸ் படிச்சுட்டு எலக்ட்ரானிக்ஸ் பக்கம் ஏம்மா வர்றே, பி.எட். பண்ணலாமே"ன்னாரு. எனக்கு சுர்ருனு ஏறிடுச்சு. பாய் கெப்பாசிட்டர் எண்ணிட்டிருந்தாரு, அவரை சாட்சியா வெச்சு ஆரம்பிச்சேன். சார், 1947 டிசம்பர்ல பெல் லேப்ல டிரான்சிஸ்டர் கண்டுபுடிச்ச மூணு பேர்ல பிராட்டனும் ஷாக்லியும் ஃபிசிக்ஸ், பார்டீன் மொதல்ல எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படிச்சாரு, ஒரு எண்ணெய் கம்பெனில பூமிக்கடியில என்ன இருக்குன்னு பாக்கற வேலை செஞ்சாரு, அப்புறம்தான் பிரின்ஸ்டன் போய் பிஎச்டி, அந்த இன்ஜினியர்தான் சார் ஃபிசிக்ஸ்லயே ரெண்டு தடவ நோபல் வாங்கினது, 1956லயும் 1972லயும். இன்டெல் ஆரம்பிச்சவங்கள்ல ராபர்ட் நாய்ஸ் ஃபிசிக்ஸ், கார்டன் மூர் கெமிஸ்ட்ரி. மொத மைக்ரோபிராசசர் 1971ல வந்த 4004, அதைப் பண்ணின ஃபாஜின் இத்தாலில படுவா யூனிவர்சிட்டில ஃபிசிக்ஸ் படிச்சவரு. இன்னைக்கு உங்க ஃபோன்ல கோடிக்கணக்குல இருக்கற மாஸ்ஃபெட், 1959ல அதைப் பண்ணின ரெண்டு பேர்ல அட்டல்லா மெக்கானிக்கல் இன்ஜினியரிங்ல பிஎச்டி. மூச்சு விடாம சொன்னேன்.

சார் அசரல. "சரி, எங்க ஆளுங்க யாராவது உங்க பக்கம் வந்து சாதிச்சிருக்காங்களா?"ன்னாரு. ஜாக் கில்பி எலக்ட்ரிக்கல் இன்ஜினியர், 1958ல ஐசி (மொத்த சர்க்யூட்டும் ஒரே சிப்புல) பண்ணினதுக்கு 2000ல ஃபிசிக்ஸ் நோபல்தான் குடுத்தாங்கன்னேன். நீல எல்இடி பண்ணின நகமுரா படிச்சது எலக்ட்ரானிக்ஸ், 2014ல அவருக்கும் ஃபிசிக்ஸ் நோபல்தான். இவ்ளோ தூரம் எதுக்கு, நம்ம ஊர்லயே ஜி.என். ராமச்சந்திரன் இருந்தாரே, பெங்களூர் இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் சயின்ஸ்ல 1942ல அவர் சேர்ந்தது எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங்ல, சி.வி. ராமன்தான் ஃபிசிக்ஸுக்கு இழுத்துட்டு வந்தாரு, அப்புறம் 1952ல மெட்ராஸ் யூனிவர்சிட்டில ஃபிசிக்ஸ் டிபார்ட்மென்ட் ஆரம்பிச்சு, 1954ல நம்ம தோல்ல இருக்கற கொலாஜன் மூணு இழையா முறுக்கின கயிறு மாதிரி இருக்குன்னு காட்டினதும் அவர்தான். சார் கொஞ்ச நேரம் என்னையே பாத்துட்டு "நல்லாத்தான் படிச்சிருக்கே"ன்னுட்டு படி இறங்கிட்டாரு. பாய் மறுபடி ஒண்ணுல இருந்து கெப்பாசிட்டர் எண்ண ஆரம்பிச்சாரு, என்னால கணக்கு விட்டுப்போச்சாம்.

சரி சரக்கு எப்படின்னு சொல்றேன். இங்க வாங்கினதுல இதுவரைக்கும் ஒரு போலி ஐசி வந்ததில்ல. அந்த அருமை எனக்கு லேட்டாதான் புரிஞ்சுது. ஒரு தடவ பாய் கடை பூட்டியிருந்துச்சுன்னு வேற ஒரு இடத்துல, பேர் வேண்டாம், ஓபி 07 ஆப் ஆம்ப் (சின்ன வோல்டேஜைப் பெருக்கற ஐசி) பாதி விலைக்குக் கிடைக்குதேன்னு பத்து வாங்கிட்டு வந்தேன். ஓபி 07 வாங்கறதே அதோட ஆஃப்செட் (ஐசிக்குள்ளயே இருக்கற பிழை வோல்டேஜ்) மைக்ரோவோல்ட்ல இருக்கும்னுதான், சாதாரண கிரேடுலயே 150 மைக்ரோவோல்ட்டைத் தாண்டாது. எனக்கு 2 மில்லிவோல்ட் வந்துச்சு. மூணு நாள் அது ஒயரிங்ல வர்ற கிரவுண்ட் லூப்பா, ஜாயின்ட்ல சூடு வித்தியாசத்தால வர்ற தெர்மோ இஎம்எஃப்பான்னு தேடினேன், கைடு வேற என் சால்டரிங்கைத் திட்டினாரு. கடைசியா ஒண்ணை பாய்கிட்ட எடுத்துட்டுப் போனேன். பஞ்சுல அசிட்டோன் தொட்டு ஐசி தலையில தேய்ச்சாரு, பஞ்சு கருப்பாச்சு, எழுத்தும் போச்சு, அடியில உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச கீறல் தெரிஞ்சுது. வேற ஏதோ ஐசியைச் சுரண்டி, மேல கருப்பு பூசி, புது நம்பர் அடிச்சிருக்காங்க. "ஆஃப்செட்டைப் பாத்தா 741 மாதிரி தெரியுது"ன்னாரு, அது மலிவான பழைய ஆப் ஆம்ப். இப்போ எங்க லேப்ல எந்த ஐசி வந்தாலும் மொதல்ல நெயில் பாலிஷ் ரிமூவர் குளியல்தான்.

குறையும் சொல்லணும்ல. ஒரு தடவ இவரே எனக்கு சொதப்பினாரு, இல்ல நான் சொதப்பினேனா, இன்னைக்கு வரைக்கும் முடிவாகல. பிடி 100 சென்சார் (பிளாட்டினத்தோட ரெசிஸ்டன்ஸை வெச்சு டெம்பரேச்சர் காட்டறது, சைபர் டிகிரில 100 ஓம்) கேட்டேன், எதுக்குன்னு கேட்டாரு, "டெம்பரேச்சர் அளக்க"ன்னு கடுப்புல சொல்லிட்டேன், அன்னைக்கு அவசரம். நல்ல ஸ்டீல் குழாய் போட்டது குடுத்தாரு. தெர்மாஸ்ல ஐஸ் தண்ணி வெச்சு டெஸ்ட் பண்ணினேன், அச்சு அசலா 100 ஓம். சந்தோஷமா லிக்விட் நைட்ரஜன்ல முக்கினேன், 20 ஓம் கிட்ட வந்து நிக்கணும், வந்துச்சு, நின்னுச்சு, ரெண்டாவது தடவ முக்கும்போது டிக்குனு ஒரு சத்தம், மீட்டர் ஓப்பன் காட்டுது. உள்ள அடைச்சிருந்த எப்பாக்ஸி குளிர்ல விரிசல் விட்டு கம்பி அறுந்துடுச்சு. அது பாய்லர்ல மாட்டற சென்சார், மைனஸ் 50 வரைக்கும்தான் தாங்கும். போய் சண்டை போட்டா "நைட்ரஜன்னு சொன்னியாம்மா?"ங்கறாரு. எங்க ஊர்ல டெம்பரேச்சர்னாலே மைனஸ்தான் பாய்! "எங்க ஊர்ல டெம்பரேச்சர்னா அடுப்பு." காசு திருப்பித் தரல, கால்வாசி விலைக்கு வெறும் செராமிக் எலிமென்ட் குடுத்து, நாலு ஒயர் நீயே சால்டர் பண்ணிக்கோ, ரெண்டு ஒயர்னா ஒயரோட ரெசிஸ்டன்ஸும் சேர்ந்துடும்னாரு. அது ஒரு வருஷமா ஓடுது.

மத்தபடி: காலைல 11க்கு முன்னாடி போகாதீங்க, வெள்ளிக்கிழமை ஒரு மணில இருந்து ரெண்டரை வரைக்கும் தொழுகைக்குப் பூட்டிருப்பாரு, ஞாயிறு லீவு. ஜிபே உண்டு, சிக்னல்தான் கிடையாது, படி இறங்கி வந்து அனுப்பணும். சர்ஃபேஸ் மவுன்ட் (போர்டு மேலயே ஒட்டற குட்டி பார்ட்ஸ்) ரொம்ப கம்மி, கியூஎஃப்என் மாதிரி காலே இல்லாத பேக்கேஜெல்லாம் கேட்டா திட்டுவாரு, ஹை ஃப்ரீக்வன்சி கேபிளுக்கான எஸ்எம்ஏ கனெக்டர் வெச்சிருக்காரு ஆனா கிகாஹெர்ட்ஸ் வேலைக்கு நான் நம்பமாட்டேன். அதுக்கெல்லாம் மவுசர், டிஜிகீ மாதிரி ஆன்லைன் கடைதான், வெயிட் பண்ணணும். அவசரமா ஒரே ஒரு பொருள் வாங்கணும்னாலும் இங்க போகாதீங்க, முக்கால் மணி நேரம் ஆகும், அதுல நாற்பது நிமிஷம் பேச்சு.

ரொம்ப பெரிய குறை பில்லு. நம்மள மாதிரி ப்ராஜெக்ட் காசுல வாங்கறவங்களுக்கு இன்ஸ்டிட்யூட் பேர், ஜிஎஸ்டி நம்பர், ஐட்டம் வாரியா விலை எல்லாம் சரியா இருந்தாதான் காசு திரும்ப வரும். பாய் பில்லுல "எலக்ட்ரானிக் சாமான் - 1 லாட்"னு எழுதுவாரு. எங்க அக்கவுன்ட்ஸ் செக்ஷன்ல அதைப் பாத்துட்டு "இது என்ன, காய்கறியா"ன்னு திருப்பி அனுப்பினாங்க. மூணு தடவ மாத்தி எழுதி வாங்கினேன், மூணாவதுல தேதி தப்பு. என் சொந்தக் காசு 2,300 ரூபா இன்னும் நிக்குது. இதுக்காகவே அஞ்சுல ஒண்ணு குறைச்சு நாலு ஸ்டார்.

போன மே மாசம் பாயோட பொண்ணு பிளஸ் டூ முடிச்சா. மேத்ஸ் குரூப், நல்ல மார்க். என்னையும் ரூம்மேட்டையும் உக்கார வெச்சு என்ன சேர்க்கலாம்னு கேட்டாரு. ஃபிசிக்ஸ் போட்டா அடிப்படை கெட்டியாகும், அப்புறம் எந்தப் பக்கமும் திரும்பலாம், எம்.எஸ்சி. முடிச்சு கேட்லயே ஃபிசிக்ஸ் பேப்பர் எழுதி எம்.டெக். கூட போகலாம்னு நான் அரை மணி நேரம் பேசினேன். ரூம்மேட்டோ ஈசிஈதான் சரி, வேலையும் கிடைக்கும் ரிசர்ச்சும் பண்ணலாம்னு இன்னொரு அரை மணி நேரம் பேசினா. ரெண்டு பேரும் சண்டை போடறதைப் பாய் டிராயரைச் சாத்தி சாத்தித் திறந்துட்டே கேட்டுட்டிருந்தாரு. போன வாரம் போனப்போ என்ன ஆச்சுன்னு கேட்டேன்.

"பி.காம். சேர்ந்துட்டாம்மா. உன் பில்லைக் குடு, அவ எழுதித் தர்றேன்னா."